ஊரிழந்தோரும் உதவிப் பொருளும்

அகதி என்னும் சொல் இன்று நம் மக்கள் நாவிற் சாலப் பயின்று வழங்குகின்றது. கதி என்பது வடமொழியில் செலவு, வழி, புகலிடம் என்னும் பொருள்களைத் தருவது. அதனோடு எதிர்மறை குறிக்கும் அகரம் சேர்ந்து, புகலற்றவன் என்னும் பொருளில் அகதி என்றாயிற்று. ஆயின் தன் ஊரினின்றும் துரத்தப்பட்ட ஒருவன் இழந்தது புகலிடம் ஒன்று மட்டும் அன்று. உழவனாயின் நிலத்தையும் ஏரையும், நெசவாளனாயின் தறியையும், வணிகனாயின் கடையையும், தன் சொல்லை நம்பிக் கடன் கொடுப்பாரையும் ஒருங்கே இழந்தவனாகின்றான். அவனோடு எல்லை கடந்து வருவது அவன் கையிலுள்ள தொழிலறிவு ஒன்றே. அவ்வறிவு பயன்படுதற்கு வேண்டிய இடமும் பொருளும் கிடைக்குமாயின் அவன் மீண்டும் ஒரு குடியினன் ஆவான். கிடையாவாயின் தலைமுறை கடந்தும் அகதி என்னும் பெயர் அவனை விட்டு நீங்காது.

இத்தகையோர்க்குச் செய்யும் உதவி எத்தன்மைத்தாக இருத்தல் வேண்டும்? சோறும் ஆடையும் கொடுத்தாற் போதுமோ? ரொக்கமாகக் கொடுக்கலாமோ? நிலமும் தொழிற்கருவியும் கொடுத்தல் வேண்டுமோ? கொடுப்பதனைக் கொடையாகக் கொள்வதோ, கடனாகக் கணக்கில் எழுதுவதோ? அறநிதி நடத்துவாரும் அதற்குப் பொருள் உதவுவாரும் நம் சங்கத்துக் குடும்பங்களிற் பலர் உளராதலின், இவ்வினாக்கள் நமக்குப் புறம்பானவை அல்ல. இவற்றிற்கு விடையை நடந்த வரலாற்றினின்றும் பெறுதல் நன்று. ஆதலின், நூறாண்டுகட்கு முன்னர்க் கிரேக்க நாட்டில் நிகழ்ந்த ஒரு பெருஞ்செயலை முதற்கண் விரித்துரைத்து, அதன்பின் பஞ்சாபிலும், நம் தமிழ்நாட்டிலும், அண்மையில் மேலையாசியாவிலும் நிகழ்ந்தவற்றை அதனோடு ஒப்பிட்டுக் காட்டப் புகுகின்றோம்.

கிரேக்க நாட்டிற் புகுந்தோர்

முதல் உலகப் பெரும்போர் முடிந்த பின்னர், 1919-ஆம் ஆண்டிற் கிரேக்கப் படை சின்ன ஆசியாவின் மேலைக் கரையிலுள்ள ஸ்மிர்னா நகரில் இறங்கியது. மூன்றாண்டுகள் நடந்த போரில் முஸ்தபா கெமாலின் தலைமையில் நின்ற துருக்கிப்படை வென்றது. 1922 செப்டம்பரில் ஸ்மிர்னா துருக்கியர் வசமாயிற்று. சில நாட்களில் அந்நகரின் பெரும்பகுதி தீக்கிரையாயிற்று. முன்னே கடலும் பின்னே தீயுமாகத் துறைமுகக் கரையிலே பெருங்கூட்டம் நின்று தவித்தது. பதினெட்டு முதல் நாற்பத்தைந்து வயது வரையுள்ள ஆடவர் பலர் சிறைப்படுத்தப்பட்டு உழைப்புப் படைகளில் உள்நாட்டிற்குக் கொண்டுசெல்லப் பட்டமையின், கப்பலேறிக் கிரேக்கக் கரையை அடைந்தோருள் பெண்டிரும் சிறாரும் முதியோருமே மிக்கிருந்தனர். இதனை வாசகர்கள் நினைவிற் கொள்வார்களாக. பின்னர்க் கூறப்படும் செய்தி ஒன்றற்கு இது காரணமாகின்றது.

1923 ஜனவரி 30-ஆம் நாள் லோஸான் நகரில் இரு நாடுகளும் மக்கட் பரிமாற்ற உடன்படிக்கை ஒன்றிற் கையொப்பமிட்டன. துருக்கியிலுள்ள கிரேக்க வைதிகக் கிறித்தவர் கிரேக்க நாட்டிற்கும், கிரேக்க நாட்டிலுள்ள முஸ்லிம்கள் துருக்கிக்கும் பெயர்தல் வேண்டும் என்பது அதன் விதி. கான்ஸ்டாண்டிநோபிள் நகரிலிருந்த கிரேக்கரும், மேலைத் திரேஸ் நாட்டு முஸ்லிம்களும் மட்டுமே விலக்குப் பெற்றனர். மொழியன்று, சமயமே அளவுகோலாகக் கொள்ளப்பட்டது. அதனால் துருக்கி மொழியன்றிப் பிறிதொன்று அறியாத கிறித்தவர் கிரேக்க நாட்டிற்கும், கிரேக்க மொழியே பேசிவந்த கிரீட் தீவு முஸ்லிம்கள் துருக்கிக்கும் அனுப்பப்பட்டனர். பெயர்ந்தோர் விரும்பினும் மீளுதற்கு வழியில்லை.

1928-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி கிரேக்க நாட்டிலிருந்த அகதிகள் 12,21,849 பேர். நாட்டின் மக்கட்டொகை 62,04,684. அஃதாவது ஐவருள் ஒருவர் வந்தேறியவர். பத்தாண்டுகள் போரில் ஈடுபட்டுக் கருவூலம் வறண்டு கிடந்த சிறியதொரு நாடு இச்சுமையை ஏற்க நேர்ந்தது. பள்ளிக்கூடங்களும் பண்டகசாலைகளும் கோயில்களும் அகதிகளால் நிறைந்தன. ஆதென்ஸ் நகர நாடக அரங்கில் செல்வர் அமர்ந்து கூத்துக் காணும் சிற்றறை ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம் குடியிருந்தது. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் 1923-ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரையில் உணவளித்து, அதன்பின் தன் பணியை நிறுத்திக்கொண்டது. இனி என் செய்வது என்பதே அனைவர் வாயிலும் எழுந்த வினா.

கமிஷனும் அதன் விதியும்

சர்வதேச சங்கத்தின் சார்பில் அகதிகள் காரியத்தைக் கவனித்துவந்த நார்வே நாட்டு நான்ஸன் என்னும் பெரியார், உணவளித்தல் மட்டும் போதாது, தொழிலில் நிறுத்துதல் வேண்டும் என்று வற்புறுத்தினார். 1923 செப்டம்பர் 29-ஆம் நாள் ஜினீவாவில் ஏற்பட்ட உடன்படிக்கையால் அகதிகள் குடியேற்றக் கமிஷன் அமைந்தது. அதில் உறுப்பினர் நால்வர்: கிரேக்கர் இருவர், சர்வதேச சங்கம் நியமித்தவர் ஒருவர், தலைவராக அமெரிக்கர் ஒருவர். முதற் றலைவர், துருக்கியில் முன்னர் அமெரிக்கத் தூதராக இருந்த ஹென்றி மார்கெந்தோ. 1926 முதல் 1930 வரை துணைத் தலைவராக இருந்த ஸர் ஜான் ஹோப் ஸிம்ப்ஸன் என்பார் இந்திய ஸிவில் ஸர்வீஸிற் பல்லாண்டு பணியாற்றியவர். உழவர்க்கு மாடும் விதையும் வாங்கத் தக்காவிக் கடன் வழங்கும் முறை 1884-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி நிலவிய நாட்டிலிருந்து சென்றவர். ஆதலின் ஆதென்ஸில் நடந்த அச்செயல் நமக்கு முற்றும் அயலானதன்று.

கிரேக்க அரசாங்கம் ஐந்து இலட்சம் ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தை, அஃதாவது ஏறக்குறைய பன்னிரண்டேகால் இலட்சம் ஏக்கரைக் கமிஷன் வசம் ஒப்புவிக்க இசைந்தது. இங்கிலாந்து பாங்கி முதலில் பத்து இலட்சம் பவுன் முன்பணம் அளித்தது. 1924-ஆம் ஆண்டு இறுதியில், நூற்றுக்கு ஏழு வட்டியில், லண்டன், நியூயார்க், ஆதென்ஸ் நகரங்களிற் கடன் பத்திரங்கள் வெளியிடப்பட்டன. அவற்றால் ஏறக்குறைய ஒரு கோடி பவுன் கிடைத்தது.

இனி அவ்வுடன்படிக்கையின் உயிர்நிலையான விதியைக் கூறுவாம். கமிஷன் வசமுள்ள பணத்தில் ஒரு காசும் துயர்துடைப்பிற்கோ பிற தருமங்கட்கோ செலவிடப்படலாகாது. நிலத்திலேனும் பிற ஆக்கத் தொழிலிலேனும் மக்களை நிறுத்துதற்கே செலவிடப்படல் வேண்டும். செய்யும் உதவி அனைத்தும் முடிவில் திருப்பிச் செலுத்தப்படும் என்னும் நிபந்தனையின் மீதே செய்யப்படல் வேண்டும். இவ்விதியை விதித்தோர் கொடியோர் அல்லர். கடன் கொடுத்தோர்க்கு வட்டியும் அசலும் போய்ச் சேர்தல் வேண்டும். பெற்றவன் உழைத்துத் தன் காலில் நிற்றல் வேண்டும். இரண்டும் ஒரே வழியால் நிறைவேறும் என்று அவர்கள் எண்ணினர். அவ்வெண்ணம் எவ்வளவில் மெய்யாயிற்று, எவ்வளவில் பொய்த்தது என்பதே நாம் ஆராய வேண்டுவது.

நாட்டுப்புறத்தில் விளைந்த பயன்

உழுதொழில் புரிவார் திறத்தில் அவ்விதி நன்கு பயன்பட்டது. மாஸிடோனியாவிலும் திரேஸிலும் முஸ்லிம்கள் விட்டுச் சென்ற வீடுகளும் நிலங்களும் இருந்தன. அவை போதாமையின் புதிய வீடுகளும் கட்டப்பட்டன. ஒரு குடும்பத்திற்கு வீடு, நிலம், உழவு மாடு அல்லது குதிரை, கலப்பை, விதை, வேண்டுமிடத்து முதல் அறுவடை வரையிற் காலங்கழித்தற்குரிய முன்பணம் என இவையெல்லாம் ஒருங்கே சேர்த்து வழங்கப்பட்டன. இவற்றுள் ஒன்று குறையினும் ஏனைய பயன்படா. மாடின்றிக் கலப்பை என் செய்யும்? விதையின்றி மாடு என் செய்யும்? கொடுத்தவை அனைத்தின் விலையும் அக்குடும்பத்தின் பெயரிற் பேரேட்டிற் கடனாக எழுதப்பட்டது.

இன்னுமொரு நுட்பம் ஈண்டு நோக்கத்தக்கது. நிலமனைத்தையும் அளந்து முடித்த பின்னரே பங்கிடுவோம் என்று கமிஷன் காத்திருக்கவில்லை. முதலில் தற்காலிகமாகப் பங்கிட்டு உழவைத் தொடங்கச் செய்து, அளவை வேலையைப் பின்னர் ஆண்டுக்கணக்கில் நடத்தினர். பருவம் தவறினால் ஓராண்டுப் பசி என்பதை உணர்ந்தே இவ்வாறு செய்தனர். பழைய ஊரார் பலர் புதிய இடத்திலும் சேர்ந்தே குடியேறினர்; நெயா ஸ்மிர்னி, நெயா இயோனியா எனப் பழம்பெயரின் முன் புதுமை குறிக்கும் அடைமொழி சேர்ந்த ஊர்கள் இன்றும் அந்நாட்டில் உள்ளன. மாஸிடோனியாவின் சதுப்பு நிலங்களில் மலேரியா சுரத்தால் மாண்டோர் பலர். அவ்விடரையும் கடந்து, 1930-ஆம் ஆண்டிற் கமிஷன் கலைக்கப்பட்டபோது ஏறக்குறைய 1,45,000 குடும்பங்கள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஊர்களில் உழவிற் றலைப்பட்டிருந்தன. கோதுமையும் புகையிலையும் பெருகின. ஏழாண்டில் இத்துணைப் பெரிய குடியேற்றம் நிகழ்தல் அரிதினும் அரிது.

நகரங்களில் நேர்ந்த குறை

நிற்க. அகதிகளிற் பாதிக்கு மேற்பட்டோர் நகரங்களிற் றங்கியவர்கள். ஆயின் கமிஷனின் பணத்தில் மிகப் பெரும்பகுதி நாட்டுப்புறத்திற்கே சென்றது. நகரத்தார்க்கு எஞ்சியது சிறுபகுதியே. காரணம் யாது? நிலம் ஓராண்டில் விளைவு தரும். விளைவிலிருந்து கடனை மீட்கலாம். நகரத்துக் கைத்தொழிலாளனுக்கும் கூலிக்காரனுக்கும் கொடுத்த பணம் எங்ஙனம் மீளும் என்பது கணக்கெழுதுவோர்க்குப் புலப்படவில்லை. மேலும், முன்னர்க் கூறியவாறு, கரை சேர்ந்த குடும்பங்கள் பலவற்றுள் உழைக்கும் ஆடவர் இலர். ஏர் பிடிக்கக் கையில்லாத கைம்பெண்ணும் அவள் மக்களும் எந்த ஆக்கத் தொழிலில் நிறுத்தப்படுவர்? அவர்கட்கு உடனடியாக வேண்டியது துயர்துடைப்பு. அதுவோ விதியால் விலக்கப்பட்டது.

ஆதென்ஸையும் பிரேயஸ் துறைமுகத்தையும் சூழ்ந்து கெய்ஸாரியானி, கொக்கினியா முதலிய குடியிருப்புக்கள் எழுந்தன. சிறிய வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. ஆயின் வீட்டோடு தொழில் கொடுக்கப்படவில்லை. சின்ன ஆசியாவிற் கம்பளம் நெய்து பழகிய மகளிர் சிலர் நெயா இயோனியா முதலிய இடங்களில் அத்தொழிலை மீண்டும் தொடங்கினர். ஏனையோர் குறைந்த கூலிக்கு ஆலைகளிலும் வீடுகளிலும் வேலைசெய்து காலங்கழித்தனர். தற்காலிகம் என்று சொல்லிக் கட்டிய அச்சிறு வீடுகளிலே ஐம்பதாண்டு கழித்து 1970-களிலும் அகதிகளின் வழியினர் குடியிருந்தனர் என்றால், அவர்கள் நிலையை வேறு விரித்துரைத்தல் வேண்டா.

கடனாகக் கொடுத்தலிலும் ஒரு முள் இருந்தது. அகதிகள் துருக்கியில் விட்டு வந்த வீட்டிற்கும் நிலத்திற்கும் ஈடு கிடைக்கும் என்பது லோஸான் உடன்படிக்கையின் வாக்குறுதி. அவ்வீடு கைக்கு வந்தபின் கமிஷனுக்குரிய கடனைத் தீர்க்கலாம் என்று பலர் நம்பியிருந்தனர். 1930 ஜூனில் வெனிஸெலாஸ் என்னும் முதலமைச்சர் அங்காராவிற் றுருக்கியரோடு செய்துகொண்ட உடன்படிக்கையில், இருபுறத்துச் சொத்துக்களும் ஒன்றுக்கொன்று நேர் என்று கழிக்கப்பட்டன. இரு நாடுகட்கும் இடையே அமைதி நிலவ அது துணைசெய்தது என்பது மெய்யே; ஆயின் விட்டுவந்த சொத்திற்குரிய முழு ஈட்டை எதிர்நோக்கியிருந்தோர் ஏமாந்தனர். அவர்கள் பெறவேண்டியது கழிந்தது, கொடுக்கவேண்டியது கழியவில்லை. உழவர் கடன்கள் 1929-இல் தோன்றிய வேளாண்மைப் பாங்கியின் பேரேட்டிற்கு மாறின. அக்காலத்திலேயே உலகமெங்கும் விலைகள் வீழ்ந்து புகையிலை விலையும் சரிந்தது. கிரேக்க அரசாங்கமே 1932-இல் தன் அயல்நாட்டுக் கடனைச் செலுத்தவியலாது நிறுத்தியது. ஓர் அரசாங்கத்தாற் றாங்கவியலாத சுமையை ஓர் ஏழை உழவன் தாங்குவான் என்று எதிர்பார்த்தல் எங்ஙனம் பொருந்தும்?

எதிர்க்கரையிலும் ஒரு பாடம் கிடைக்கின்றது. துருக்கிக்குச் சென்ற முஸ்லிம்களில், புகையிலை பயிரிட்டுப் பழகியவர் சிலர் ஒலிவ மரத் தோப்புக்கள் உள்ள இடங்களிலும், ஒலிவத் தொழில் அறிந்தவர் சிலர் அதற்கு வாய்ப்பில்லாத இடங்களிலும் குடியேற்றப்பட்டனர். நிலம் கிடைத்தது, தொழிலறிவு பயனின்றிப் போயிற்று. பெறுவோன் அறிந்த தொழில் யாது என்று உசாவாமற் கொடுக்கும் பொருள் பாதிப் பயனே தரும் என்பதற்கு இது சான்றாகும்.

பஞ்சாபிற் செய்த பங்கீடு

இனி நம் நாட்டிற்கு வருவாம். 1947-இல் இந்தியா பிரிக்கப்பட்டபோது மேலைப் பஞ்சாபிலிருந்து இந்துக்களும் சீக்கியரும் கிழக்குப் பஞ்சாபிற்கும், கிழக்கிலிருந்து முஸ்லிம்கள் மேற்கிற்கும் பெயர்ந்தனர். வந்தோர் விட்டு வந்த நிலம் ஏறக்குறைய 67 இலட்சம் ஏக்கர். இங்கே பங்கிடக் கிடைத்ததோ ஏறக்குறைய 47 இலட்சம் ஏக்கர். அன்றியும், விட்டு வந்தது வாய்க்காற் பாசனத்தால் வளம் பெற்ற நிலம். கிடைத்ததிற் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி.

இங்கும் கிரேக்கத்திற் போலவே முதலில் தற்காலிகப் பங்கீடு நடந்தது. முன்னர் எத்துணை நிலம் வைத்திருந்தான் என்று பாராமல், உழவுக் குடும்பம் ஒவ்வொன்றிற்கும் ஏறக்குறைய பத்து ஏக்கர் ஒதுக்கப்பட்டது. விதைக்கும் கருவிக்கும் கடன் கொடுக்கப்பட்டது. விதைப்பு நடந்துகொண்டிருக்கையிலேயே நிலையான பங்கீட்டிற்குரிய மனுக்கள் பெறப்பட்டன. ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட மனுக்கள் வந்தன. அவற்றை ஆராய்ந்த முறை மிகவும் போற்றத்தக்கது. ஓரூரிலிருந்து வந்த அகதிகள் அனைவரையும் ஒருங்கே கூட்டி, ஒவ்வொருவர் மனுவையும் எழுத்தர் உரத்துப் படிக்க, அவ்வூராரே அதனை ஏற்றோ திருத்தியோ தள்ளியோ தீர்ப்புக் கூறினர். அண்டை வயற்காரன் அறியாத பொய்யைச் சொல்லுதல் யார்க்கும் எளிதன்று.

புனர்வாழ்வுத் துறைத் தலைவராயிருந்த தர்லோக் ஸிங் என்பார் இரண்டு முறைகளை வகுத்தார். ஒன்று, தர ஏக்கர் என்னும் அளவை. பத்து அல்லது பதினொரு மணங்கு தானியம் விளையக்கூடிய நிலமே ஒரு தர ஏக்கர் எனப்பட்டது. நீர்வளமுடைய இடத்தில் ஓர் ஏக்கரே ஒரு தர ஏக்கராகும். வறண்ட இடத்தில் நான்கு ஏக்கர் சேர்ந்தே ஒன்றாகும். மற்றொன்று, படிப்படியான கழிவு. கிடைத்த நிலம் போதாமையின் எல்லார்க்கும் குறைத்தல் வேண்டியிருந்தது. முதற் பத்து ஏக்கரிற் கழிவு நூற்றுக்கு 25. நிலம் மிகுந்தோறும் கழிவும் மிகுந்து, 500 ஏக்கருக்கு மேற்பட்ட பகுதியில் நூற்றுக்கு 95 ஆயிற்று. இழந்தவனுக்கு இழந்த அளவே ஈடு என்னும் நியாயமும், வாழ்வதற்கு வேண்டிய அளவேனும் யார்க்கும் வேண்டும் என்னும் நியாயமும் இம்முறையில் ஒருங்கு கைகோத்து நின்றன. 1949 நவம்பருக்குள் ஏறக்குறைய இரண்டரை இலட்சம் பங்கீடுகள் முடிந்தன.

தாயகம் திரும்பிய தமிழர்

நம் தமிழ்நாட்டு வரலாற்றிலும் இத்தகைய செயல் ஒன்று உண்டு. 1964 அக்டோபர் 30-ஆம் நாள் லால் பகதூர் சாஸ்திரியாரும் சிறிமாவோ பண்டாரநாயக அம்மையாரும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களிற் பாடுபட்ட இந்திய வமிசத்தாரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974-இல் இருநாடும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. பிறந்த குழந்தைகள் உட்பட நாலரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் இராமேசுவரத்திற் கரையிறங்கி, மண்டபம் முகாம் வழியாகத் தமிழ்நாட்டிற் புகுந்தனர்.

அவர்கட்கு வகுத்த திட்டங்கள் பல. நீலகிரியில் 1968-ஆம் ஆண்டு அரசாங்கத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர்த் தோட்டங்களிலும், கூட்டுறவு நூற்பாலைகளிலும் சிலர்க்கு வேலை கிடைத்தது. தாயகம் திரும்பியோர்க்கெனவே 1969-இற் சென்னையில் ரெப்கோ பாங்கி என்னும் கூட்டுறவு பாங்கி நிறுவப்பட்டது. ஆயினும் மிகப் பெரும்பாலோர்க்குக் கிடைத்தது வியாபாரக் கடன். தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்துப் பழகிய கைக்குத் தராசு கொடுக்கப்பட்டது. தாம் ஒருநாளும் கண்டிராத வறண்ட மாவட்டங்களில், அறிந்தார் ஒருவரும் இன்றி, கடை நடத்தி வாழ்க என்று அவர்கட்குச் சொல்லப்பட்டது. பணம் செலவாயிற்று, சிலரிடம் இடைத்தரகர் கையிற் சென்றது, கடை நிலைக்கவில்லை. பலர் தாமறிந்த தொழிலைத் தேடி நீலகிரிக்கும் கொடைக்கானல் மலைக்கும் தாமாகவே ஏறிச் சென்று குறைந்த கூலிக்கு உழைத்தனர். அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பெற்றவர்க்கும் வியாபாரக் கடன் பெற்றவர்க்கும் உள்ள வேற்றுமையை நோக்குங்கால், துருக்கியில் ஒலிவத் தோப்பிற்கு அனுப்பப்பட்ட புகையிலை உழவனின் நினைவே நமக்கு வருகின்றது. இடமும் காலமும் வேறு; பிழை ஒன்றே.

இக்காலத்து ரொக்க உதவி

சென்ற சில ஆண்டுகளில் உதவிமுறை மற்றொரு திருப்பம் அடைந்துள்ளது. 2011-இல் தொடங்கிய ஸிரியா நாட்டு உள்நாட்டுப் போரால் இலட்சக்கணக்கான மக்கள் துருக்கி, லெபனான், ஜோர்டான் நாடுகளிற் புகுந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் முகாம்களில் அல்லாமல் நகரங்களிலும் ஊர்களிலும் வாடகை கொடுத்துக் குடியிருந்தனர். அரிசியும் கம்பளியும் மூட்டையாக வழங்குதற்கு மாற்றாக, ஏ.டி.எம். அட்டை கொடுத்து மாதந்தோறும் பணம் எடுத்துக்கொள்ளச் செய்யும் முறை இங்ஙனம் பரவியது. ஜோர்டானிற் கண்மணியின் அடையாளத்தைப் பொறி பார்த்தே பணம் வழங்கிற்று, அட்டையும் வேண்டியதில்லை.

ரொக்கம் கொடுத்தால் வீணாக்குவர், கடைத்தெருவில் விலை ஏறும் என்று அஞ்சுவோர் என்றும் உளர். லெபனானில் 2013 நவம்பர் முதல் 2014 ஏப்ரல் வரை, மலைப்பகுதியில் 500 மீட்டர் உயரத்திற்கு மேல் வாழ்ந்த குடும்பங்கட்குக் குளிர்காலச் செலவிற்கெனப் பணம் வழங்கினர். அவ்வுயரத்திற்குச் சற்றுக் கீழே இருந்தோர்க்கு அது கிடைக்கவில்லை. இரு திறத்தாரையும் ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, பணம் பெற்றோர் அதனைப் பெரும்பாலும் உணவிற்கும் நீருக்குமே செலவிட்டமை தெரிந்தது. பிள்ளைகளை வேலைக்கு அனுப்புதல் குறைந்தது. விலை ஏறியதற்குச் சான்று இல்லை. கொடுத்த ஒவ்வொரு டாலரும் அவ்வூர்ப் பொருளாதாரத்தில் 2.13 டாலர் அளவிற்குப் பயன்விளைத்தது என்றும் கணக்கிட்டனர். விறகிற்கென்று கொடுத்ததை உணவிற்குச் செலவிட்டனரே என்று குறை கூறுவார் கூறுக. குளிரினும் பசி முற்பட்டது என்பதைப் பெற்றோர் அறிந்திருந்தனர், கொடுத்தோர் அறிந்திலர் என்பதே அதன் கருத்து.

2016 நவம்பரிற் றுருக்கியில், ஐரோப்பிய ஒன்றியத்தின் பொருளால், உலக உணவுத் திட்டமும் துருக்கிச் செம்பிறைச் சங்கமும் அந்நாட்டு அரசாங்கமும் கூடிப் பெருந்திட்டம் ஒன்றைத் தொடங்கின. 2017-இல் ஆளுக்கு மாதம் 120 லிரா அட்டையிற் சேர்ந்தது. பின்னர்ப் பயன்பெற்றோர் தொகை பதினைந்து இலட்சத்தைக் கடந்தது. பசி தணிதற்கு இது பேருதவி என்பதில் ஐயமில்லை. ஆயின் கிரேக்கத்தில் நாம் கண்ட குறையின் மறுபுறம் இங்கே தோன்றுகின்றது. 2016 ஜனவரியில் ஸிரியருக்கு வேலைக்குரிய அனுமதி வழங்கத் துருக்கி விதி செய்தது. ஆயின் அனுமதியை முதலாளியே கேட்டுப் பெறல் வேண்டும், அவன் தொழிலாளரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஸிரியர் இருத்தலாகாது என்பன அதன் வரம்புகளாக இருந்தன. குடும்பத்தில் ஒருவர் பதிவு பெற்ற வேலையில் அமர்ந்தபோது அக்குடும்பம் அட்டையை இழந்தது. நிலையில்லாத வேலைக்காக நிலையான உதவியை விட யார் துணிவர்? பலரும் பதிவின்றி, பாதுகாப்பின்றி, மறைவாகவே உழைத்தனர். ஆதென்ஸில் தொழிலைக் கொடுத்துச் சோற்றை மறுத்தனர். இங்கே சோற்றைக் கொடுத்துத் தொழிலை அரிதாக்கினர்.

நாம் கொள்ளத்தக்கவை

இவ்வரலாறுகளை ஒருங்கு வைத்து நோக்குமிடத்துச் சில உண்மைகள் நன்கு புலனாகின்றன. முதலாவது, உயிர்காக்கும் உதவியும் தொழிலில் நிறுத்தும் உதவியும் ஒன்றற்கொன்று பகை அல்ல. ஒன்று மற்றொன்றற்கு வித்து. விதைநெல்லைக் கொடுத்து அறுவடை வரையிற் பட்டினி கிடக்கச் சொன்னால், பெற்றவன் விதைநெல்லையே குற்றித் தின்பான். அது அவன் குற்றமன்று. கொடுத்தோர் கணக்கின் குற்றம். ஆதலின் எவ்வுதவியிலும் முதல் வருவாய் கைக்கு வரும் நாள் வரையிலுள்ள இடைக்காலத்தைக் கணக்கிட்டு அதற்கென ரொக்கம் ஒதுக்குதல் வேண்டும்.

இரண்டாவது, பெறுவோன் அறிந்த தொழிலை அவனையே கேட்டறிதல் வேண்டும். கொடுப்போர்க்கு எளிதாயுள்ளதைக் கொடுத்தல் உதவியாகாது. கடனுதவியே கணக்கிற்கு எளிது என்று கொழுந்து பறிப்போனைக் கடைக்காரனாக்கிய தவறு மீண்டும் நேராதிருத்தல் வேண்டும்.

மூன்றாவது, கடனாகக் கொடுத்தல் சில இடங்களிற் றக்கதே. அது பெற்றவனைத் தாழ்வுணர்ச்சியினின்றும் காக்கும். ஆயின் விளைவு பொய்த்தாலும் விலை வீழ்ந்தாலும் தவணை தள்ளுதற்கும், ஏர் பிடிக்கக் கையில்லாத கைம்பெண்டிர், முதியோர், பிணியாளர் திறத்திற் கடன் என்னும் பெயரையே நீக்குதற்கும் தொடக்கத்திலேயே விதி செய்தல் வேண்டும். ஆக்கத் தொழிலில் அமர்த்த இயலாதவர் என்பது ஒருவர் பசியோடிருத்தற்குக் காரணமாகலாகாது.

நான்காவது, கணக்கு ஊரறியப் படிக்கப்படல் வேண்டும். பஞ்சாபில் ஐந்து இலட்சம் மனுக்களை ஊரார் முன் படித்தமையால் இல்லாத நிலத்தைக் கோருதல் அரிதாயிற்று. தனக்குக் கிடைத்தது எதனால், அடுத்தவனுக்குக் கிடைத்தது எதனால் என்பதும் அனைவர்க்கும் விளங்கிற்று. யார்க்கு எதனாற் கொடுக்கப்பட்டது என்பது மறைந்திருக்குமாயின், நேர்மையாகக் கொடுத்த பொருளும் ஐயத்திற்கு இடமாகும்.

நம் அறநிதிகள் சிறியன. கோடிப் பவுன் கைக்கொண்ட கமிஷனோடு அவற்றை ஒப்பிடுதல் மிகையாகத் தோன்றலாம். ஆயினும் வெள்ளத்தால் வீடிழந்த குடும்பம் ஒன்றிற்கோ, ஆலை மூடியதனால் ஊர்விட்டு ஊர்வந்த தொழிலாளி ஒருவனுக்கோ உதவும்போதும் இவ்வினாக்களே எழுகின்றன. பொருளின் அளவு சிறிதாயினும் முறை ஒன்றே. உதவி கேட்டு வருவோனிடம் எத்துணை வேண்டும் என்று கேட்பதற்கு முன்னர், நீ என்ன தொழில் அறிவாய், அதில் முதற் காசு உன் கைக்கு வர எத்தனை மாதம் ஆகும் என்னும் இரண்டையும் கேட்போமாக. அவன் கூறும் விடையைக் கணக்கேட்டின் முதல் வரியில் எழுதி, அதன் கீழே தொகையை எழுதுவோமாக.